தோளுக்குப் பின்னால் ஒரு திருகு

வேலூர் லாங் பஜார் நெரிசலில் பழைய ஸ்கூட்டர் ஒன்று 'புர்ர்... புர்ர்...' என்று இருமி நின்றால் ஓட்டுகிறவர் பதற மாட்டார். குனிந்து, பெட்ரோல் திருகை ரிசர்வுக்குத் திருப்பி, ஓர் உதை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். பின்னால் நாலு பேர் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். அவ்வளவுதான். இதே வேலையை 500 அடி உயரத்தில், பறந்துகொண்டே செய்ய வேண்டியிருந்தால்?

விமானத்தைச் சொந்தமாகக் கட்டிக்கொள்ளும் பைத்தியம் (செல்லமாகத்தான் சொல்கிறேன்!) நமக்கும் புதிதல்ல. 1910-லேயே சென்னையில் ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ், சிம்ப்ஸன் கம்பெனியின் துணையோடு ஒரு விமானம் கட்டி, பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். பெட்ரோல் மீட்டரெல்லாம் பிற்பாடுதான் பழக்கத்துக்கு வந்தது. 1930-களின் 'பைப்பர் கப்' விமானத்தில் இருந்த மீட்டர் என்ன தெரியுமா? ஒரு மிதவைத் தக்கை, அதில் செருகிய கம்பி! டாங்க் மூடி வழியாக விமானியின் கண்ணெதிரே கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோல் குறையக் குறைய அது இறங்கும். ரிப்பேராக அதில் என்ன இருக்கிறது!

ஆனால், எல்லோரும் இப்படிக் கண்ணெதிரே வைக்கவில்லை.

பர்ட் ரூட்டன் வடிவமைத்த 'லாங்-ஈஸி'யும் வரைபடம் வாங்கி வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் விமானம்தான். இடது, வலது என்று இரண்டு டாங்க். ஒன்று தீர்ந்தால் வால்வைத் திருப்பி அடுத்ததற்கு மாறணும். ரூட்டனின் வரைபடத்தில் வால்வு விமானியின் கைக்கெட்டும் இடத்தில், முன்னால் இருந்தது. அமெரிக்காவில் இதைக் கட்டிய ஒருவர், பெட்ரோல் குழாய் விமானி அறைக்குள் வரக்கூடாது என்று வால்வைத் தூக்கி விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். எண்ணம் என்னவோ நல்ல எண்ணம்தான்! பெட்ரோல் அளவு காட்டும் கண்ணாடிகளும் இருக்கைக்குப் பின்னால். அவற்றில் அளவுக் கோடுகள்கூடக் கிடையாது. டாங்க் நேரான டப்பா இல்லையே... பாதி உயரம் தெரிந்தால் பாதி பெட்ரோல் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

கைமாறி அந்த விமானத்தை வாங்கியவர், உலகப் புகழ் பாடகர் ஜான் டென்வர். 2,700 மணி நேரத்துக்கு மேல் விமானம் ஓட்டியவர்.

1997, அக்டோபர் 12. கலிஃபோர்னியாவின் மான்டரே விமான நிலையம். வால்வு எட்டவில்லை. குறடு வைத்துத் திருப்பிப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. பின்னாலிருக்கும் அளவைப் பார்க்க, மெக்கானிக் ஒரு சின்னக் கண்ணாடி கொடுத்தார். பெட்ரோல் போடட்டுமா என்றதற்கு, "ஒரு மணி நேரம்தானே பறக்கப்போகிறேன்" என்கிற மாதிரி மறுத்துவிட்டார் டென்வர். வால்வைத் திருப்பும்போது விமானத்தை ஆட்டோ பைலட் பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு.

சிறிது நேரத்தில் விமானம் கடலில் விழுந்தது. டென்வருக்கு வயது 53.

புலனாய்வு அதிகாரிகள் அதேபோன்ற இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார்கள். இடது தோளுக்குப் பின்னால் வலது கையைக் கொண்டுபோக உடம்பை முழுசாகத் திருப்ப வேண்டும். திரும்பும்போது வலது கால் தன்னையறியாமல் பெடலை அழுத்துகிறது! விமானம் வலப்புறம் புரள அது போதும். பெட்ரோல் போடாமல் கிளம்பியது, எட்டாத வால்வு, கோடில்லாத அளவுக் கண்ணாடி, புது விமானத்தில் போதாத பயிற்சி... எல்லாவற்றையும் அறிக்கையில் எழுதினார்கள்.

கடலிலிருந்து எடுத்த அந்த வால்வு எந்த டாங்குக்கும் முழுசாகத் திரும்பாமல், நடுவில் நின்றிருந்தது.