போன் கம்பெனியும் ஒரு கிண்ணமும்

ஆபீஸ் டீ பிரேக்குல ஆரம்பிச்ச சண்டை இது. "போன், இண்டர்நெட் கம்பெனிகளை அரசாங்கம் சும்மா விட்டாலே போதும்டா, போட்டி வந்து எல்லாம் தானா சரியாயிடும்"னான் நண்பன். "அமெரிக்காவோட ஏடி அண்ட் டி கதை தெரியுமா?"ன்னு ஆரம்பிச்சேன். டீ ஆறிப்போச்சு, கதை முடியலை. அதை இங்கே முழுசா சொல்லிடறேன்.

கிரஹாம் பெல்லுக்குக் காப்புரிமை கிடைச்சது 1876-ல். 1890-களில் அது காலாவதியானதும் ஊருக்கு ஊர் டெலிபோன் கம்பெனிகள் முளைச்சது. நண்பன் சொல்ற அதே போட்டிதான். கட்டணமும் குறைஞ்சது. ஆனா ஒரு கம்பெனி போனிலிருந்து இன்னொரு கம்பெனி போனுக்குப் பேச முடியாது! பல ஊர்களில் கடைக்காரங்க மேஜையில ரெண்டு போன் வச்சிருந்தாங்க. தொலைதூர லைன் பெல் குழுமத்தோட கையில. போட்டிக் கம்பெனிகளை அதுல சேர்க்க மாட்டாங்க. தாக்குப்பிடிக்க முடியாதவங்களை வாங்கிப் போட்டுடுவாங்க.

1907-ல் ஏடி அண்ட் டி தலைவரா வந்த தியடோர் வெயில் இருக்காரே, ஆள் கில்லாடி. அரசாங்கத்தோட மல்லுக்கு நிக்கலை. கூப்பிட்டுத் திண்ணையில உட்கார வச்சுட்டார். நாடு முழுக்க ஒரே அமைப்பு இருக்கட்டும், நீங்க மேற்பார்வை பாருங்க, போட்டி மட்டும் வேண்டாம், இதுதான் அவர் வாதம். 1913-ல் வழக்கு வந்துடுமோன்னு பயந்து கம்பெனி ஒரு சமரசக் கடிதம் கொடுத்தது. வெஸ்டர்ன் யூனியன் பங்குகளை விக்கறோம், மத்தவங்களுக்கும் தொலைதூர லைன் தர்றோம்னு. கிங்ஸ்பரி ஒப்பந்தம்னு அதுக்குப் பேர். ஆனாலும் ஏகபோகம் அப்படியேதான் இருந்தது. 1934-ல் எஃப்.சி.சி. ஆணையம் வந்த பிறகும் அதே கதைதான்.

எனக்குப் பிடிச்ச கட்டம் இனிமேதான். ஹஷ்-எ-போன்னு ஒரு சாதனம். போனோட வாய்ப்பகுதியில மாட்டற கிண்ணம், அவ்வளவுதான். பேசறது பக்கத்து ஆளுக்குக் கேட்காது. கரண்ட் இல்லை, சர்க்யூட் இல்லை. எங்க போனில் எங்க சாமானைத் தவிர வேற எதையும் மாட்டக்கூடாதுன்னு ஏடி அண்ட் டி தடுத்தது. எஃப்.சி.சி. என்ன பண்ணுச்சு தெரியுமா? வருஷக்கணக்கா விசாரிச்சு, 1955-ல் கம்பெனி பக்கமே தீர்ப்பு சொல்லுச்சு! காவல்காரனே வீட்டுக்காரனோட கூட்டு. (நண்பா, இந்த இடத்துல உனக்கு ஒரு பாயிண்ட்.) 1956-ல் நீதிமன்றம் அதைத் தூக்கி எறிஞ்சது. கையைக் குவிச்சுப் பேசலாம், அதே வேலையைச் செய்யற சாதனத்தை மாட்டக்கூடாதா, இது என்ன நியாயம்னு கேட்டுடுச்சு.

அடுத்து டெக்சாஸ்காரர் டாம் கார்ட்டர். எண்ணெய் வயல்களில் வேலை செய்யறவங்க வயர்லெஸ் ரேடியோவிலிருந்தே போனில் பேச வசதியா ஒரு பெட்டி செஞ்சார். ரிசீவரை அது மேல வச்சா போதும், லைனில் கை வைக்கவே வேண்டாம். இதை வச்சிருந்தா போன் இணைப்பைப் பிடுங்கிடுவோம்னு மிரட்டல். ஆள் விடலை, வழக்குப் போட்டார். 1968-ல் அதே எஃப்.சி.சி. இந்தத் தடவை கார்ட்டர் பக்கம் நின்னது. நெட்வொர்க்குக்குக் கெடுதல் பண்ணாத எதையும் மாட்டலாம்னு ஆச்சு. அப்புறமும் எங்ககிட்ட ஒரு பாதுகாப்புப் பெட்டியை வாடகைக்கு வாங்கித்தான் மாட்டணும்னு கம்பெனி அடம்பிடிச்சது. 70-களில் வந்த விதிகள் அதையும் ஒழிச்சது. சுவரில் செருகற சின்ன ஜாக், ஆன்சரிங் மெஷின், ஃபேக்ஸ், மோடம் எல்லாம் வீட்டுக்குள்ள வந்தது இந்த வழியாத்தான். டயல்-அப் சத்தத்தை நான் யூடியூபில்தான் கேட்டிருக்கேன். இருந்தாலும் நம்ம பொழப்பே அதுல இருந்து வந்ததுதானே :-)

நம்ம ஜாதிக்கு இன்னொரு சேதி. 1956-ல் அரசாங்கத்தோட செஞ்சுக்கிட்ட வேற ஒரு சமரசத்தால ஏடி அண்ட் டி கம்ப்யூட்டர் வியாபாரத்துல இறங்க முடியலை. அதனால பெல் லேப்ஸில் 1969-ல் பிறந்த யூனிக்ஸ், பல்கலைக்கழகங்களுக்குக் கிட்டத்தட்ட சும்மாவே போச்சு. பெர்க்லியில் அதைப் பிரிச்சு மேய்ஞ்சாங்க. கட்டுப்பாடு இல்லைன்னா யூனிக்ஸும் பூட்டுப் போட்ட பெட்டிக்குள்ளதான் கிடந்திருக்கும்னு நினைக்கறேன்.

1974-ல் போட்ட வழக்கு, 1984 ஜனவரி 1 அன்னிக்குக் கம்பெனியை உடைச்சது. உள்ளூர் சேவை ஏழு கம்பெனிகளாச்சு. அதுல ஒண்ணான எஸ்.பி.சி. 2005-ல் தாயையே வாங்கி, தாய் பேரையே வச்சுக்கிட்டது. பிள்ளைகள் பலரும் மறுபடி ஒண்ணா சேர்ந்துட்டாங்க.

என் கணக்கு இது. யார் தொழில் செய்யலாம், என்ன விலைன்னு அரசாங்கம் உட்கார்ந்து தீர்மானிச்சப்போ ஏகபோகம் சொகுசா வளர்ந்தது. கம்பி முடியற இடத்துல நின்னு, இதைத் திறந்து வைன்னு மட்டும் சொன்னப்போதான் புதுசு புதுசா எல்லாம் வந்தது. நெட் நியூட்ராலிட்டி சண்டையும் அதே ஜாக் பக்கத்துலதான் நடக்குது. எந்த வலைத்தளத்தையும் வேகம் குறைக்கக்கூடாது, காசு வாங்கிட்டு முன்னுரிமை தரக்கூடாது, அவ்வளவுதான் கேட்கறாங்க. எஃப்.சி.சி. 2015-ல் விதி போட்டது, 2017-ல் நீக்கிடுச்சு, 2024-ல் மறுபடி போட்டது. 2025 ஜனவரியில், இதுக்கு ஆணையத்துக்கு அதிகாரமே இல்லைன்னு மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு.

இதையும் சொன்னதும் நண்பன், "பாத்தியா, நீதிமன்றமே என் பக்கம்"னான். "1956-லயும் நீதிமன்றம்தாண்டா, அது யார் பக்கம்?"னேன். பதில் வரலை. டீக்கு மட்டும் அவன் காசு கொடுத்தான்.