படகு இயந்திரக் கூலர்: சுத்தம் செய்யும் முறை

டீசல் படகு இயந்திரத்தின் கூலரில் சிறு குழாய்களுக்குள் கடல்நீரும், அவற்றைச் சுற்றி இயந்திரத்தின் நன்னீரும் ஓடுகின்றன. கோலசிலாங்கூர், கோல செபெத்தாங் போன்ற சேற்று முகத்துவாரங்களில் சேறும் உப்பும் குழாய்களை அடைக்கும், இயந்திரம் சூடேறும்.

இயந்திரம் ஆறியபின் கடல்நீர் வால்வை மூட வேண்டும். நீரை வடித்து, கூலரின் இருபக்க மூடிகளையும் கழற்றி, மெல்லிய மரக்குச்சியால் குழாய்களைத் துழாவலாம். இரும்புக் கம்பி குழாயைக் கீறிவிடும். ரப்பர் இம்பெல்லரின் இதழ் உடைந்திருந்தால், அத்துண்டு பெரும்பாலும் இங்கேதான் சிக்கியிருக்கும். பாதி கரைந்த துத்தநாகத் துண்டை மாற்றி, புதிய கேஸ்கெட் போட்டு மூட வேண்டும்.

வால்வைத் திறந்த பிறகே இயந்திரத்தை முடுக்க வேண்டும். புகைக்குழாய் வழியே கடல்நீர் வெளியேறாவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். இயந்திர எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. ஆயில் கூலரைச் சோதிக்காமல் கடலுக்குப் போகக் கூடாது.