உறை ஊற்றாத தொட்டி

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஜனவரியில், எட்மண்டனில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் எட்டு கோல்ட் ஃபிஷ் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப் போயின. வெளியே மைனஸ் 30. உள்ளே என் பெண் அழுகிறாள். நான் கையில் சோதனைக் குப்பியோடு நிற்கிறேன். மஞ்சளாக இருக்க வேண்டிய குப்பி கரும்பச்சையாக இருக்கிறது. அம்மோனியா!

நான் கட்டியது அக்வாபோனிக்ஸ். கீழே மீன் தொட்டி, மேலே சரளைக்கல் நிரப்பிய தட்டு, ஒரு பம்பு, ஒரு எல்.ஈ.டி. விளக்கு. மீன் கழிவு செடிக்கு உரம், செடி வடிகட்டிய தண்ணீர் திரும்ப மீனுக்கு. படிக்கும்போது என்ன சுலபம்! "ஒரு நாள் பம்பு ஓடினால் போதும், மீனை விடலாம்" என்று கடைப் பையன் சொன்னான். நானும் விட்டேன்.

இந்த ஊரில் ஏன் இந்த வேண்டாத வேலை என்றால், அதற்குக் காரணம் மாயாபந்தர். நடு அந்தமானின் வட முனையில் இருக்கும் எங்கள் ஊருக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் கப்பலில்தான் வரும். கப்பல் தாமதமானால் வீட்டில் குழம்பு மெலியும். கப்பலுக்குக் காத்திருந்த பயல், இங்கே வந்து கலிபோர்னியாவிலிருந்து வரும் லாரிக்குக் காத்திருக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம் :-)

அன்று ராத்திரி அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். தொட்டி புதுசு, கல் கழுவினது, தண்ணீர் சுத்தம் என்று சொல்லி முடிப்பதற்குள், "எல்லாமே புதுசுன்னா எப்படிடா? உறை ஊத்தாம பால் தயிராகுமா?" என்றாள். சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் இதன் சரித்திரத்தைத் தோண்டிப் பார்த்தால், அம்மா சொன்னதைக் கண்டுபிடிக்கத்தான் பிரான்ஸில் இரண்டு பேர் மெனக்கெட்டிருக்கிறார்கள்.

1877-இல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற அந்த இருவர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாய் வழியாகச் சாக்கடை நீரை மெல்லச் சொட்டவிட்டார்கள். சுமார் 20 நாள் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு அம்மோனியா குறைந்து நைட்ரேட் வர ஆரம்பித்தது. வெறும் ரசாயன மாற்றம் என்றால் முதல் நாளே நடக்க வேண்டாமோ? குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், வேலை நின்றது. மண் கழுவிய தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினார்கள், மறுபடி தொடங்கியது. அதாவது உள்ளே உயிர் இருக்கிறது. அந்த மண் தண்ணீர்தான் உறை மோர்!

1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி அந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்தார். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்குகிறது, இன்னொன்று நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவது செடிக்குச் சாப்பாடு. ஆக, தொட்டியில் நாம் வளர்ப்பது மீனும் கீரையும் மட்டுமல்ல. கண்ணுக்குத் தெரியாத அந்த மூன்றாவது ஆளுக்கு ஒரு மாதமாவது கொடுக்காமல் மீனை விட்டால் என் கதிதான்.

இதையெல்லாம் ஒரே சுற்றில் கோத்தது ரொம்பப் பிற்பாடு. 1969-இல் அமெரிக்காவில் ஜான் டாட், நான்சி டாட், மெக்லார்னி மூவரும் தொடங்கிய நியூ ஆல்கெமி நிறுவனம் கண்ணாடி வீட்டுக்குள் மீனையும் காய்கறியையும் சேர்த்து வளர்த்தது. 1977-இல் ஜெர்மனியின் நேகல், சுழலும் நீரில் மீனோடு தக்காளியும் லெட்யூஸும் வளர்த்ததை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். ஆனால் கணக்கைச் சரிசெய்தது ஒரு தீவு. கரீபியனில் செயின்ட் க்ரோய். நல்ல தண்ணீருக்குப் பஞ்சம், வீட்டுக்கு வீடு கூரை மழையைத் தொட்டியில் பிடிக்கும் ஊர். 1980 வாக்கில் அங்கே வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரகோசி திலேப்பியாவை (நம்ம ஜிலேபிக் கெண்டை) வைத்து ஆரம்பித்தார். செடிப் படுகை ஒரு சதுர மீட்டருக்கு தினம் 60 முதல் 100 கிராம் மீன் தீவனம் என்ற விகிதம் அவர் தந்தது. தொட்டியின் அளவை அல்ல, தீவனத்தைத்தான் எண்ண வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு இருந்த இடம் அரை சதுர மீட்டர்கூட இல்லை.

தீவு என்றதும் எங்கள் பக்கமும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் வட அந்தமானின் மேற்குக் கரை மேலே எழும்பி, பவளப்பாறை வெயிலில் காய்ந்தது. தெற்கே போர்ட் பிளேர் பக்கம் (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது) நிலம் இறங்கி வயலுக்குள் கடல் வந்தது. உப்பேறிய அந்த வயல்களுக்கு அங்கிருக்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் காட்டிய வழி: மண்ணை வாரி அகலமான மேட்டுப்பாத்தி போடு, வாரிய இடத்தில் வாய்க்கால் விடு. மழை மேட்டின் உப்பைக் கழுவும். மேட்டில் காய்கறி, வாய்க்காலில் மழைத்தண்ணீர், அதில் மீன். பம்பு கிடையாது, எல்.ஈ.டி. கிடையாது. அக்வாபோனிக்ஸ் என்று இதைச் சொன்னால் நிபுணர்கள் சண்டைக்கு வருவார்கள். எனக்கென்னவோ ஒரே குடும்பமாகத்தான் தெரிகிறது.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. இங்கே பல ஊர்களில் குழாய்த் தண்ணீரில் குளோரமின் இருக்கிறது. குளோரின் மாதிரி ஒரு நாளில் பறந்துவிடாது, முறிப்பு மருந்து விட வேண்டும். நண்பர் வீட்டுப் பழைய மீன் தொட்டியிலிருந்து இரண்டு கைப்பிடி சரளைக்கல்லைக் கழுவாமல் வாங்கி வந்தேன் (உறை!). குளிரில் தயிர் தோயாது என்று அவனுக்குள் விளக்குப் போட்டு வைக்கிறோமே, நுண்ணுயிருக்கும் அதே கதைதான். தொட்டிக்கு ஹீட்டர் போட்டேன். மீன் இல்லாமல் துளித்துளியாக அம்மோனியா விட்டு, தினம் குப்பியைப் பார்த்தேன். 17-ஆம் நாள் நைட்ரைட் ஏறியது, 34-ஆம் நாள் இறங்கியது. அதற்குப் பிறகுதான் இரண்டே இரண்டு மீன்.

பி.எச். விஷயத்தில் யாருக்கும் முழுத் திருப்தி கிடையாது. நுண்ணுயிர் 7-க்கு மேலே கேட்கும், செடி 6 பக்கம் கேட்கும். 7-ஐ ஒட்டி நிறுத்தினால் இருவரும் முனகிக்கொண்டே வேலை செய்கிறார்கள். இளந்தளிர் வெளுத்தபோது இரும்புச் சத்து குறைவு என்று தெரிந்தது. மீன் தீவனத்தில் அது போதாது, ரகோசியும் தனியாகத்தான் சேர்த்தார்.

போன வாரம் வெந்தயக்கீரை பறித்து சாம்பார் வைத்தோம். வீடியோவில் பார்த்த அம்மா, "மீன் எப்போ குழம்புக்கு?" என்றாள். இரண்டுக்கும் பெண் பெயர் வைத்துவிட்டாள். அந்தப் பேச்சே வீட்டில் எடுக்கக் கூடாதாம்.