நிக் சேபனின் பின்வரிசைத் தடுப்பாட்டப் பயிற்சி

நிக் சேபன் (பிறப்பு: 1951 அக்டோபர் 31, ஃபேர்மான்ட், மேற்கு வர்ஜீனியா) அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர். எல்.எஸ்.யு. பல்கலைக்கழக அணிக்கு ஒன்று (2003), அலபாமா பல்கலைக்கழக அணிக்கு ஆறு (2009, 2011, 2012, 2015, 2017, 2020) என ஏழு தேசியப் பட்டங்களைப் பெற்றுத் தந்துவிட்டு 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றார். தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் மேற்பார்வையோடு நின்றுகொள்வார்கள். சேபன் கடைசிவரை, தலையில் வைக்கோல் தொப்பியோடு மைதானத்தின் ஒரு மூலையில் நின்று, பின்வரிசைத் தடுப்பாளர்களுக்குக் கால் வைக்கும் விதத்தைத் தானே சொல்லிக்கொடுத்தார்.

பின்வரிசை என்பது

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிபவர் குவாட்டர்பேக். ஓடிப்போய்ப் பிடிப்பவர் ரிசீவர். அந்த ரிசீவர்களை மறிக்கவேண்டியவர்கள்தான் பின்வரிசைத் தடுப்பாளர்கள். ஓரங்களில் நிற்பவர்கள் கார்னர்பேக், நடுவே ஆழத்தில் நிற்பவர்கள் சேஃப்டி. வழக்கமாக நால்வர். எதிரணி கூடுதல் ரிசீவர்களை இறக்கினால் ஐந்தாமவர், ஆறாமவர் வருவார்கள். சேபனின் அகராதியில் ஐந்தாமவருக்கு ‘ஸ்டார்’, ஆறாமவருக்கு ‘மணி’ என்று பெயர்.

இது பாவப்பட்ட வேலை. எந்தப் பக்கம் ஓடப்போகிறோம் என்பது ரிசீவருக்குத் தெரியும், தடுப்பவருக்குத் தெரியாது. அவர் முன்னால் பாய்கிறார், இவர் பின்வாங்கியபடியே அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். கபடியில் கார்னர் நிற்பவர் பாடிவருபவரின் காலையே பார்த்து நிற்பாரே, கிட்டத்தட்ட அதே தவிப்பு. ஆனால் இங்கே பிடி நழுவினால் ஒரு புள்ளியோடு போகாது, ஆறு புள்ளிகள் போய்விடும்.

வந்த வழி

சேபனின் தந்தை மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் பெட்ரோல் பங்க் நடத்தியவர். ‘ஐடமே பிளாக் டயமண்ட்ஸ்’ என்ற சிறுவர் அணிக்கும் அவரே பயிற்சியாளர். வண்டி கழுவும்போது ஒரு கோடு தெரிந்தாலும் மறுபடி முழு வண்டியையும் கழுவவேண்டும் என்பது தந்தையின் சட்டம். கறுப்பு வண்டி வந்தாலே வயிற்றைக் கலக்கும் என்று மகன் பிற்காலத்தில் சொல்வதுண்டு. அந்த மகனிடம் பாடம் கேட்டவர்களுக்கு இந்தக் கதையின் பொருள் நன்றாகவே விளங்கியிருக்கும்.

கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டான் ஜேம்ஸ் பயிற்றுவித்த அணியில் சேபனும் ஒரு பின்வரிசைத் தடுப்பாளர். பயிற்சியாளராகும் எண்ணம் அப்போது இல்லை. மனைவிக்கு ஓராண்டுப் படிப்பு மிச்சமிருந்ததால் ஊரிலேயே தங்கியவரை, 1973இல் ஜேம்ஸ் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். பிறகு மேற்கு வர்ஜீனியா, ஓஹாயோ ஸ்டேட், கடற்படை அகாதெமி, மிச்சிகன் ஸ்டேட், தொழில்முறை அணியான ஹூஸ்டன் ஆயிலர்ஸ் என்று போன இடமெல்லாம் பெரும்பாலும் பின்வரிசைப் பொறுப்புதான். 1981 பருவம் முடிந்ததும் ஓஹாயோ ஸ்டேட் தன் தடுப்பாட்டப் பயிற்சியாளர்கள் சிலரை வீட்டுக்கு அனுப்பியது. அவர்களில் சேபனும் ஒருவர்.

கிளீவ்லாந்தில் ஒரு கணக்கு

1991 முதல் 1994 வரை கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியில் பில் பெலிச்சிக்கின் கீழ்த் தடுப்பாட்டத்தை நடத்தினார். 1994இல் அந்த அணி விட்டுக்கொடுத்தவை 204 புள்ளிகள்தான். தொழில்முறை லீகிலேயே அதுதான் குறைவு. ஆனால் அதே பருவத்தில் பிட்ஸ்பர்க் அணியிடம் மூன்று முறை தோற்றது. அந்தக் காலத்துச் சிக்கலிலிருந்து பிறந்ததுதான் சேபன் முறையின் இதயமான ‘பேட்டர்ன் மேட்சிங்’.

சிக்கல் வெறும் கணக்கு. ஆழத்தை மூன்றாகப் பங்கிட்டு மூவர் காத்தால், எதிரணி நால்வரை நேராக ஓடவிட்டால் போதும், ஒருவர் ஆளில்லாமல் நிற்பார். ஆளுக்கு ஆள் பிடிக்கலாம் என்றால், குறுக்கே ஓடுபவர்களிடம் சிக்கித் தடுப்பவர்கள் ஒருவரையொருவர் முட்டிக்கொள்வார்கள். சேபனின் விடை இரண்டையும் கலந்தது. தடுப்பவர்கள் இடத்தைக் காப்பதுபோலத் தொடங்குவார்கள். ரிசீவர்களின் முதல் சில அடிகளைப் பார்த்ததும், எழுதிவைத்த விதிப்படி, ஆளைப் பிடிக்கத் தாவுவார்கள். ஓரத்து ரிசீவர் நேரே ஓடினால் கார்னர் அவரோடேயே போவார். அவர் சட்டென்று உள்ளே வெட்டினால் விட்டுவிட்டு அடுத்தவரைக் கவனிப்பார். இவ்வகை ஆட்டத்துக்கு, பக்கத்தைப் பொறுத்து, ‘ரிப்’, ‘லிஸ்’ என்பவை குறிச்சொற்கள். குவாட்டர்பேக்கின் கண்ணுக்கு இது வட்டாரக் காவல்போலத் தெரியும். பந்தை எறியும் நொடியில் ஒவ்வொருவர் மேலும் ஒருவர் ஒட்டியிருப்பார். கல்லூரியிலோ பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள் ஐந்தாறு பேர் ஒரே நொடியில் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும். ஒருவர் பிசகினால் எல்லாம் போச்சு.

காலும் கண்ணும்

ரிசீவரின் முகத்துக்கு நேரே நின்று மறிப்பதை ‘பிரெஸ்’ என்பார்கள். அங்கே இளம் கார்னர்களின் பொதுவான தவறு, ரிசீவர் அசைந்ததுமே இடுப்பைத் திறந்துவிடுவது. திறந்த பக்கத்தின் எதிர்ப்பக்கம் அவர் பறந்துவிடுவார். சேபன் கற்பித்தது, கால் இருந்த இடத்திலிருந்து சிறிதாக ஓரடி வைத்து, மற்றக் காலை அதன் இடத்துக்குக் கொண்டுவருவது. தோள்கள் நேராகவே இருக்கவேண்டும். ரிசீவர் தன் வழியைக் காட்டிக்கொடுக்கும்வரை இடுப்பு திரும்பக்கூடாது. கேட்க எளிது. பத்து ஆண்டுகள் உடம்பு பழகிய ஓர் அனிச்சையை அழிக்கவேண்டும் என்பதால் பலருக்கு ஒரு பருவம் முழுக்கப் பிடித்தது.

அடுத்தது கண். ரிசீவரோடு இடுப்புக்கு இடுப்பு ஒட்டி ஓடினால் திரும்பிப் பந்தைத் தேடலாம். ஓரடி பின்தங்கிவிட்டாலும் பந்தை மறந்துவிட வேண்டியதுதான். அவர் கைகள் எழும் தருணத்தில் அந்தக் கைகளுக்கிடையே புகுந்து தட்டவேண்டும். தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் ‘பந்தைப் பார்க்கவே மாட்டேனென்கிறானே’ என்று பையனைத் திட்டுவது பல சமயம் இந்த விதியைத்தான்.

விளைச்சலும் விவாதமும்

2010க்கும் 2024க்கும் இடையே தொழில்முறை லீகின் வீரர் தேர்வில் சேபனின் அலபாமா பின்வரிசையிலிருந்து ஒன்பது பேர் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டனர்: கரீம் ஜாக்சன், மார்க் பாரன், டிரே கர்க்பாட்ரிக், டீ மில்லினர், ஹா ஹா கிளின்டன்-டிக்ஸ், மார்லன் ஹம்ஃப்ரி, மின்கா ஃபிட்ஸ்பாட்ரிக், பாட்ரிக் சர்டெய்ன், டெரியன் ஆர்னல்ட். இவர்களில் பாரனும் கர்க்பாட்ரிக்கும் ஆடிய 2011 அணி, இறுதிப் போட்டியில் எல்.எஸ்.யு.வை 21–0 என மடக்கியது. எதிரணியால் ஆட்டம் முழுக்க எடுக்க முடிந்தது 92 கெஜம்.

நாட்டின் மிகச் சிறந்த பள்ளி வீரர்களைப் பொறுக்கி எடுப்பவருக்கு இதில் என்ன பெருமை என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. சர்டெய்னின் தந்தையே புகழ்பெற்ற கார்னர். சேபன் மயாமி டால்பின்ஸ் அணியை நடத்த வந்த 2005இல்தான் அந்தத் தந்தை அங்கிருந்து வேறு அணிக்கு மாற்றப்பட்டார் என்பது ஒரு வேடிக்கை. மகன் 2024 பருவத்தில் லீகின் சிறந்த தடுப்பாட்ட வீரர் விருதைப் பெற்றார். இப்படிப்பட்ட பிள்ளையை யார் பயிற்றுவித்தாலும் தேறியிருப்பார் என்று சொல்லலாம். லீவை வாலஸைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. உதவித்தொகை இல்லாமல் தானாக வந்து சேர்ந்தவர். தொடக்க அணியில் இடம்பிடித்தார். எந்த அணியும் தேர்வில் எடுக்காதபோதும் பஃபலோ பில்ஸின் கார்னரானார். ட்ரெவன் டிக்ஸும் சைரஸ் ஜோன்ஸும் ரிசீவர்களாக ஆடிக்கொண்டிருந்தவர்கள். சேபன் கையில்தான் கார்னர்களாயினர். 2021 பருவத்தில் டிக்ஸ் இடைமறித்த பந்துகள் 11. மறுபக்கம் மில்லினர்: ஒன்பதாவதாக எடுக்கப்பட்டும் காயங்களால் அவரது தொழில்முறை வாழ்வு சீக்கிரமே முடிந்தது. அதைப் பயிற்சியின் கணக்கில் எழுதுவது சரியாகாது.

முறைக்கு எல்லையும் இருந்தது. ஆட்டங்களுக்கிடையே மூச்சுவிடவிடாத வேகத் தாக்குதல், விதிகளை ஒவ்வொருவராகச் சரிபார்த்துக்கொள்ள நேரம் தரவில்லை. 2017 ஜனவரியில் கிளெம்சனின் டெஷான் வாட்சன் 420 கெஜம் எறிந்து, ஒரு நொடி மிச்சமிருக்கையில் 35–31 என்று பட்டத்தைப் பறித்தார். 2019இல் எல்.எஸ்.யு. 46 புள்ளிகள் எடுத்தது.

சீடர்கள்

சேபனிடம் பின்வரிசையைக் கவனித்தவர்கள் பலர் தலைமைப் பயிற்சியாளர்களானார்கள். முதன்மையானவர் கர்பி ஸ்மார்ட். ஜார்ஜியாவில் சேஃப்டியாக ஆடியவர். எல்.எஸ்.யு.விலும் அலபாமாவிலும் சேபனின் பின்வரிசைப் பயிற்சியாளராக இருந்து, பிறகு தடுப்பாட்டம் முழுவதையும் நடத்தி, 2016இல் தன் பழைய கல்லூரிக்கே தலைமை ஏற்றார். குருவோடு மோதிய முதல் நான்கு ஆட்டங்களிலும் தோல்வி. ஐந்தாவது, 2022 ஜனவரி 10 அன்று நடந்த தேசிய இறுதி. கடைசி நிமிடத்தில் அலபாமாவின் பிரைஸ் யங் எறிந்த பந்தை ஜார்ஜியாவின் கார்னர் கீலி ரிங்கோ இடைமறித்து 79 கெஜம் ஓடினார். ஜார்ஜியா 33, அலபாமா 18.