பார்த்தீனியம்

பார்த்தீனியம்: சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருபருவ நச்சுக்களை. அறிவியல் பெயர் பார்த்தீனியம் ஹிஸ்டெரோஃபோரஸ். தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. மலேசியாவில் ‘ரும்பாய் மியாங் மெக்சிகோ’ எனப்படும் இக்களை 2013இல் சிலாங்கூரில் கண்டறியப்பட்டது. பின்னர் கெடாவிலும் பரவியது. கெடாவின் அண்டை மாநிலமான பினாங்கில், சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் மாடு வளர்ப்போரும் இதை அடையாளம் காணத் தெரிந்திருப்பது அவசியம்.

அடையாளம்: இளஞ்செடியின் இலைகள் கேரட் இலைபோல் ஆழமாகப் பிளவுபட்டுத் தரையோடு வட்டமாகப் படர்ந்திருக்கும். பிறகு மென்மயிரும் நீள்வரிகளும் கொண்ட தண்டு எழுந்து, பல கிளைகளுடன் ஒன்றரை மீட்டர்வரை வளரும். பூக்கொத்துகள் சிறியவை, வெண்ணிறமானவை. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஐந்து சிறு முனைகள் தெரியும்.

தீமை: இதிலுள்ள பார்த்தெனின் என்னும் நச்சு, தொடுவோருக்குத் தோல் அழற்சியை உண்டாக்கும், மகரந்தம் ஒவ்வாமையையும் மூச்சிரைப்பையும் தூண்டும். மாடுகள் பெரும்பாலும் இதைத் தின்பதில்லை. தின்ன நேர்ந்தால் பால் கசக்கும். இக்களை மேய்ச்சல் புல்லை நெருக்கி அழித்துவிடும்.

கட்டுப்பாடு: ஒரு செடி 15,000க்கும் மேற்பட்ட விதைகளைத் தரக்கூடும். ஆகவே பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். மேலே மட்டும் வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். தமிழ்நாட்டில், பயிரில்லா நிலங்களில் லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்பு கலந்த கரைசலைத் தெளிப்பதுண்டு. இக்களையின் இலையைத் தின்னும் மெக்சிகோ வண்டு 1984இல் பெங்களூரில் விடப்பட்டது. வண்டிச்சக்கரம், வைக்கோல், மாட்டுக்குளம்பு வழியே களை விதை பரவுவதால், வெளியூர்த் தீவனத்தைச் சோதித்த பின்னரே மேய்ச்சல் நிலத்துக்குள் கொண்டுவர வேண்டும்.