மலைக் கொரில்லா நடைப்பயணம் (ருவாண்டா)

ருவாண்டாவின் வடமேற்கில், விருங்கா மலைத்தொடரிலுள்ள எரிமலைகள் தேசியப் பூங்காவில் வழிகாட்டிகளின் துணையோடு மலைக் கொரில்லாக்களைக் காணச் செல்லும் பயணம். கொரில்லா ஆய்வாளர் டயான் ஃபாசி 1967இல் கரிசோக்கே ஆய்வு நிலையத்தை நிறுவியது இம்மலைகளில்தான். ஒழுங்குபடுத்தப்பட்ட சுற்றுலா 1979இல் தொடங்கிய பாதுகாப்புத் திட்டத்தின் வழியே வந்தது.

பயணத்தின் உயிர்நாடி தடம் பார்ப்போர். விடியலிலேயே காடேறி, முந்தைய நாள் கொரில்லாக்களை விட்டுவந்த இடத்திலிருந்து மிதிபட்ட செடி, சாணம், இரவில் உறங்கிய இலைப்படுக்கை ஆகியவற்றைக் கொண்டு கூட்டத்தைக் கண்டறிவர். கம்பியில்லாத் தொடர்புக் கருவியில் அவ்விடத்தை வழிகாட்டிக்குச் சொல்வர். மூங்கில் காட்டினூடே ஏறும் நடை அரை மணியிலும் முடியலாம், பல மணி நேரமும் நீளலாம். ஒரு கொரில்லாக் குடும்பத்தை நாளுக்கு எட்டுப் பேர் மட்டுமே, ஒரு மணி நேரமே காணலாம். மனிதரின் சளிக்காய்ச்சல் கொரில்லாக்களைக் கொல்லக்கூடும் என்பதால், நோயுற்றவருக்கும் பதினைந்து வயது நிரம்பாதவருக்கும் அனுமதியில்லை. கண்டிப்பாகத் தோன்றினாலும் முற்றிலும் நியாயமான விதிகள் இவை.

வெளிநாட்டவருக்கான கட்டணம் 2017இல் 1,500 டாலராக உயர்ந்தது. பூங்கா வருவாயில் 10 விழுக்காடு சுற்றுப்புறச் சமூகங்களின் பள்ளி, குடிநீர், மருத்துவப் பணிகளுக்குச் செல்கிறது. காவலும் கால்நடை மருத்துவமும் சேர்ந்து பலன் தந்ததால், 2018இல் மலைக் கொரில்லா ‘மிக அருகிவிட்ட’ நிலையிலிருந்து ‘அருகிய’ நிலைக்கு மாற்றப்பட்டது.