கண்ணாடியில் விழும் கடைத்தெரு



அந்தமானில், குட்வில் எஸ்டேட்டில் குடியிருக்கும் எனக்கு விடுமுறை நாட்களில் ஒரு வழக்கம் உண்டு. நீர்வர்ணப் பெட்டியுடன் போர்ட் பிளேர் சென்று, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய அவ்வூரின் கடைக் கண்ணாடிகளில் விழும் தெருவைத் தீட்ட முயல்வேன். பெரும்பாலும் தோற்பேன். கடற்காற்றின் ஈரத்தில் காகிதம் உலர்வதில்லை. ஒரு வர்ணம் காயுமுன் அடுத்ததைத் தொட்டால் ஜன்னலின் விளிம்பே கரைந்துவிடும். இத்தோல்விதான் இக்கலையின் வரலாற்றை நாட வைத்தது.

லண்டனில் ரீவ்ஸ் சகோதரர்களின் வர்ணக் கட்டிகள் 1781-இல் பரிசு பெற்றன. ஓவியர் பெட்டியைச் சுமந்து வெளியே செல்வது அதன்பின் எளிதாயிற்று. 1792-இல் தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியமும் தென்னாட்டில் பயணம் செய்து கோட்டைகளையும் கோயில்களையும் வரைந்தனர். சென்னையில் டாக்டர் ஹன்டர் 1850-இல் கலைப்பள்ளி தொடங்கினார். 1929-இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைமையை ஏற்றார். அங்கே பயின்ற கே.சி.எஸ். பணிக்கர் கோவையில் பிறந்தவர். பிற்காலத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிறுவிய அவர், இளமையில் கேரள நிலக்காட்சிகளை நீர்வர்ணத்தில் தீட்டிப் பெயர் பெற்றார். அந்நாளில் நிலக்காட்சி ஓவியர்களுக்குப் பிரதிபிம்பம் என்றால் பெரும்பாலும் ஆறும் குளமுந்தான்.

நகரக் கண்ணாடியின் கதை வேறு. 1851-இல் லண்டனில் எழுந்த பளிங்கு மாளிகையின் பலகைகள், கண்ணாடியை உருளையாக ஊதிப் பிளந்து விரித்தவை. அத்தகைய கண்ணாடியில் பிம்பம் குளத்து நீர்போல் நெளியும். உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிடும் முறையைப் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் அறிவித்தது, நெளிவு மறைந்தது. ஸ்ரீபெரும்புதூரிலும் 2000-ஆம் ஆண்டில் இம்முறையில் இயங்கும் ஆலை ஒன்று தொடங்கியது. எனக்கோ பழைய நெளிவே பிடிக்கும். நியூயார்க் கடைவீதிக் கண்ணாடிகளை ரிச்சர்ட் எஸ்டிஸ் அதிசயிக்கத் தீட்டினார். ஆனால் நிழற்படங்களைப் பார்த்து, நிதானமாக. தெருவில் நிற்பவனுக்குச் சூரியன் காத்திருப்பதில்லை.

இதில் நான் நெடுநாள் பிழை செய்தேன். நேராக நோக்கினால் தெளிந்த கண்ணாடி, தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பங்கைத்தான் திருப்பித் தருகிறது. மிகுதி உள்ளே போகிறது. ஆகவே வானத்தின் பிம்பம் வானத்தைவிட மங்கலாகவே இருக்கும். நான் அதை வெண்மையாக விட்டு வந்தேன். கண்ணாடி சுண்ணாம்புச் சுவராயிற்று. இன்னொன்றும் பிறகே புரிந்தது. ஒளி மிகுந்த பிம்பம் விழுமிடத்தில் கடையின் உட்புறம் தெரிவதில்லை. கரிய பிம்பம் விழுமிடத்திலேயே தெரிகிறது. என் உடலின் கரிய உருவத்துக்குள்தான் அரிசி மூட்டைகள் தெளிவாகத் தெரிந்தன.

சென்ற மாதம் அதை அப்படியே தீட்டினேன். இராமநாதபுரத்திலிருந்து வந்து குடியேறிய கடைக்காரர் படத்தைக் கூர்ந்து பார்த்தார். "மூட்டையெல்லாம் சரிதான் ஐயா. அதைச் சுற்றி ஆள் மாதிரி இருக்கிறதே, அது யார்?" என்று கேட்டார்.